லாரி ஓட்டிய அப்பாவுக்குக் கொச்சியை நடந்து காட்டுவது

சங்ககிரியிலிருந்து நீங்கள் கேட்டிருந்தது இது: அப்பா இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். கொச்சிக்கு எத்தனையோ நடை லோடு கொண்டு போயிருக்கிறார். ஆனால் துறைமுக கேட்டையும் லாரி நிறுத்தும் இடத்தையும் தவிர அந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை. இப்போது வயது 66, முழங்காலில் கொஞ்சம் வலி. இரண்டு நாளில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி இரண்டையும் நடந்தே காட்ட முடியுமா, எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்? முடியும் என்பது சுருக்கமான பதில். ஆனால் உங்களுக்கு வேண்டியது இடங்களின் பட்டியல் இல்லை என்று நினைக்கிறேன். அது எங்கேயும் கிடைக்கும். தான் இத்தனை வருஷம் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் எப்படிப்பட்டது என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கேள்வியை நான் அப்படித்தான் படித்தேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

எங்களுக்கு ஈரோட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் வியாபாரம். பன்னிரண்டு வயதில் என் அப்பாருவோடு, அதாவது தாத்தாவோடு, முதன்முதலாக மட்டாஞ்சேரி போனேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேலாக வியாபாரத்துக்காகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். நடுவில் ஆசைப்பட்டு வரலாறும் கல்வெட்டு வாசிப்பும் முறையாகப் படித்தேன். அதனால் கிடங்கு, சரக்கு, பழைய எழுத்து பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஐரோப்பியக் கட்டடக் கலை எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மலையாளம் சரளமாகப் பேசுவேன், படிக்கத் தடுமாறுவேன். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை ஒன்றுதான். சரக்கு எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே நடங்கள். பெரும்பாலானவர்கள் ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் ஆரம்பித்து, சீன மீன்பிடி வலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரிக்குப் போய் அரண்மனையையும் யூதத் தெருவையும் பார்த்து முடிக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போனால் நடுவில் இருக்கும் பஜார் ரோடு கண்ணில் படாமலே போய்விடும். அந்த ரோடுதான் ஊருக்கு உயிர். நீங்கள் மட்டாஞ்சேரியில் ஆரம்பியுங்கள். கிடங்குத் தெருவில் மெதுவாக நடந்து, கடைசியாக முகத்துவாரத்தில் போய் நில்லுங்கள். மலையிலிருந்து இறங்கிய மிளகு, ஏலக்காய், சுக்கு எல்லாம் தரையிலிருந்து தண்ணீருக்குப் போன திசை அது. அப்பா பாதி வழி ஏற்கெனவே ஓட்டிவிட்டார். வாளையார் செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்து, குதிரான் ஏற்றத்தில் முதல் கியரில் உருட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தவர் அவர். அவர் திரும்பிய இடத்திலிருந்துதான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள்.

கிழமை பார்த்துக் கிளம்புவது முக்கியம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை முடிவதால், அவர்களுடைய ஜெப ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனி முழுவதும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் கிடங்குகள் பூட்டியிருக்கும், பஜார் ரோடு வெறிச்சென்று கிடக்கும். ஆகவே திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு நாள் பாருங்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் ஆலயம் திறக்காது, அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஈரோட்டிலிருந்து ரயிலில் எர்ணாகுளத்துக்கு ஐந்தாறு மணி நேரம். விடியற்காலை ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். போகும்போது பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தோப்பும்படி பாலம் வழியாக மட்டாஞ்சேரி போங்கள். படகைத் திரும்பும்போதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பஜார் ரோட்டில் நுழைந்ததுமே அப்பாவுக்குத் தெரிந்த உலகம்தான். குறுகலான தெரு, அதில் பாதியை அடைத்துக்கொண்டு லோடு இறக்கும் வண்டி, தார்ப்பாயை மடிக்கும் ஆட்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது கிடங்குகளின் அமைப்பு. அங்கே அதற்குப் பாண்டிகசால என்று பெயர். நம் பண்டகசாலைதான். பழைய கிடங்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் உண்டு. முன்வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கும், பின்வாசல் காயலை, அதாவது உப்பங்கழியைப் பார்த்து இருக்கும். முன்பக்கம் வண்டியில் வந்த மூட்டை, நடுமுற்றத்தில் பிரித்துக் கொட்டப்பட்டு, காய்ந்து, சலித்து, தரம் பிரிந்து, மறுபடி சாக்கில் ஏறி, பின்வாசல் படித்துறையில் வள்ளத்தில் இறங்கும். கதவு திறந்திருக்கும் கிடங்கில் கேட்டுவிட்டு எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. முற்றத்தில் இஞ்சி காயப்போட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வெளுப்பான சுக்கு பாய் விரித்த மாதிரிக் கிடக்க, ஓரத்தில் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் மண்டியில் மஞ்சளை எப்படிப் பார்ப்போம் என்றால், குத்தூசியால் சாக்கைக் குத்தி மாதிரி எடுத்து, ஒரு விரலியை, அதாவது விரல் போன்ற மஞ்சள் கிழங்கை ஒடிப்போம். டக்கென்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்தது. நமுத்துப்போயிருந்தால் சத்தமே வராது, வளையும். அப்பாருவோடு போன முதல் நாள், மட்டாஞ்சேரியில் ஒரு முதியவர் நாங்கள் கொண்டுபோன விரலியை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டதைப் பார்த்தேன். ஈரோட்டில் என் அப்பாரு செய்வதை அப்படியே அங்கே ஒருவர் செய்கிறார், பேசுவதோ வேறு பாஷை. எனக்கு அந்த ஊரின் மேல் பிடிப்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான். மிளகுக்கும் அங்கே அப்படி ஒரு தனி உலகம் இருந்தது. யூதத் தெருவில் மிளகு வர்த்தகத்துக்கென்றே ஒரு சங்கம், 1957-ல் தொடங்கியது. அதன் கூடத்தில் முன்பேர வியாபாரிகள் கூவிக் கூவி விலை பேசிய காலம் ஒன்று உண்டு. இன்று கூவல் ஓய்ந்துவிட்டது. தெருவின் பல கிடங்குகள் பழம்பொருள் கடையாகவும் துணிக்கடையாகவும் மாறிவிட்டன. அதைப் பார்க்க எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

இந்தத் தெருவில் இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள், லாரித் தொழிலாளிக்கு அது உடனே புரியும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு முன்பு சாப்பா என்றொரு முறை இருந்தது. விடியற்காலையில் கூடி நிற்கும் தொழிலாளர்கள் நடுவே உலோக வில்லைகளை வீசுவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை, பிடிக்காதவன் பட்டினி. ஒரு வில்லைக்காகச் சக தொழிலாளியை மிதித்துத் தள்ளவேண்டிய நிலை. இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். சுற்றுலாப் புத்தகங்களில் மிளகும் அரசர்களும் வருவார்கள், இவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. அந்தத் தெருவில் மூட்டை சுமந்த தோள்களை நினைக்காமல் நடக்க என்னால் முடிவதில்லை.

யூதத் தெருவின் கோடியில் இருக்கும் ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் கீழே பாருங்கள். தரை முழுக்க நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், கையால் வரைந்தவை, 18-ம் நூற்றாண்டில் வந்தவை. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்பார்கள். நான் குனிந்து குனிந்து பார்த்த வரையில் உண்மையாகவே தெரிகிறது. வெளியே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு. ரோமன், ஹீப்ரு, மலையாளம் என்று முகத்துக்கு முகம் எண்கள் மாறும். பல பாஷைக்காரர்கள் ஒரே தெருவில் வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம். 1948-க்குப் பிறகு பெரும்பாலான யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. வழிபாட்டுக்கு ஆள் சேர்ப்பதே சிரமம் என்ற நிலை வந்து வெகுகாலம் ஆகிறது.

இந்த ஆலயத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செப்பேடு ஒன்று உண்டு. வழிகாட்டிகள் சிலர் அது கி.பி. 379-ல் கொடுக்கப்பட்டது என்று அடித்துச் சொல்வார்கள். அது சமூகத்தின் பழைய நம்பிக்கை. எழுத்தின் வடிவத்தையும், கொடுத்த அரசன் பாஸ்கர ரவியின் காலத்தையும் வைத்துக் கல்வெட்டு அறிஞர்கள் ஏற்கும் காலம் கி.பி. 1000-ஐ ஒட்டியது. எழுத்து வட்டெழுத்து. பெறுபவர் யூதத் தலைவர் ஜோசப் ரப்பான், செப்பேட்டு வழக்கில் இசுப்பு இரப்பான். 72 உரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுச் சிறப்பும் அவருக்குத் தரப்படுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அரசன் அதை வழங்கிய இடம்: முயிரிக்கோடு. சங்கப் பாட்டில் வரும் பழைய துறைமுகமான முசிறி என்ற பெயரின் சாயல் அதில் தெளிவாகவே இருக்கிறது.

முசிறி என்றதும் நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். யவனர்களின் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூறு சொல்கிறது. கறி என்றால் மிளகு. அந்தப் பொன்னும் வெள்ளியும் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் ஏறி வந்தது. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிக்கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய பட்டறைகள் வெளிப்பட்டன. படியூரின் பச்சைக்கல் வெளிநாட்டுக்குப் போனது. பதிற்றுப்பத்து கொடுமணலைக் கொடுமணம் என்று பெயர் சொல்லியே பாடுகிறது. இவை உறுதியானவை. முசிறி எந்த இடம் என்பதில்தான் விவாதம். கொச்சிக்கு வடக்கே பரவூர் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியதில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் ஒரு மரத்தோணியும் கிடைத்தன. பலர் அதையே முசிறி என்கிறார்கள், வேறு சிலர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதே மாதிரி சேரர்களின் தலைநகரான வஞ்சி நம் கரூரா, கொடுங்கல்லூரா என்ற பழைய சண்டையும் இருக்கிறது. கரூர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் பெயர்களோடு கல்வெட்டு இருப்பது என் காரணம். ஆனால் ஊர்ப்பாசம் என் தீர்ப்பில் கலந்திருக்கும் என்பதால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவிடம் சொல்ல இதில் ஒரு விஷயம் எனக்குப் பிரியமானது. அந்தக் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது தென்மேற்குப் பருவக்காற்று. அதே காற்றுதான் கணவாய் வழியாக நுழைந்து, ஆனி, ஆடி மாதங்களில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. தார்ப்பாய் கட்டிய லாரியை ஆடிக்காற்றில் மேற்கே ஓட்டியவருக்கு அதன் வேகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரண்மனையில் அரை மணி நேரம் போதும். டச்சு அரண்மனை என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆனால் 16-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்தார்கள், அவ்வளவுதான். உள்ளே சுவரெங்கும் ராமாயணச் சித்திரங்கள். காவியும் பச்சையும் மஞ்சளுமாக நெருக்கி நெருக்கி வரைந்தவை. படி ஏற வேண்டியிருக்கும், அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறட்டும்.

மறுநாள் காலை ஆறரைக்கே கிளம்பி, கல்வத்தி தாண்டி ஃபோர்ட் கொச்சிக்குள் போங்கள். வழியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பெரிய வளாகம் வரும். 19-ம் நூற்றாண்டு வணிக நிறுவனத்தின் இடம், 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு அதுவே முக்கியக் களமாக இருந்தது. கோட்டை எங்கே என்று அப்பா கேட்பார், எல்லோரும் கேட்கிறார்கள். போர்ச்சுகீசியர் 1503-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை அது. 1663-ல் டச்சுக்காரர் கைக்கும், 1795-ல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. 1806-ல் ஆங்கிலேயரே அதைத் தகர்த்துவிட்டார்கள். கரையோரம் சில கல்துண்டுகள் தவிர மீதி பெயரில் மட்டும்தான். அப்புறம், கொச்சித் துறைமுகம் எப்படி உண்டானது என்று கேட்டால் 1341-ல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர் தூர்ந்து, கொச்சியில் வாய் திறந்தது என்பார்கள். வெள்ளமும் மணலும் இந்தக் கடற்கரையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன என்பது சரி. ஒரே வருஷத்தில் ஒரே வெள்ளத்தில் எல்லாம் நடந்தது என்பதைத்தான் ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

சீன வலையிடம் குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள். இது நடையில் ஓய்வுக்கும் ஓய்வு. பத்து மீட்டர் உயரம், மரச்சட்டத்தில் விரித்த வலை இருபது மீட்டர் அகலம். பின்பக்கம் கயிறுகளில் பெரிய கற்கள் தொங்கும். எல்லாக் கயிறும் ஒரே நீளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வலை மேலே ஏற ஏற, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்காரும். வலை கிளம்பும்போது முழு எடையும் வேண்டும், பாதி ஏறியதும் அவ்வளவு வேண்டாம். அதைக் கயிற்று நீளமே பார்த்துக்கொள்கிறது. வலையை இறக்க ஓர் ஆள் நடுமரத்தின் மேல் முன்னோக்கி நடந்தால் போதும், அவன் எடைக்கே வலை தண்ணீருக்குள் போகும். நம் பக்கம் கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஏற்ற மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்துதானே சால் இறங்கும், ஏறும். சங்ககிரிப் பக்கம் மாடு பூட்டி இறைக்கும் கவலைதான் அதிகம் என்றாலும் அப்பா வயதுக்காரர் ஏற்றத்தையும் பார்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள், அவரே விளக்குவார்.

இந்த வலை சீனாவிலிருந்து எப்படி வந்தது என்பது தீராத கேள்வி. 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல் படை வந்தது உண்மை. அதோடு வந்த மா ஹுவான் கொச்சியைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். ஆனால் வலை அவர்களோடு வந்ததா, பின்னால் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா என்று இரண்டு தரப்பு இருக்கிறது. வலையின் உறுப்புகள் சிலவற்றுக்குப் போர்ச்சுகீசிய வேர் கொண்ட பெயர்கள் வழங்குவதை இரண்டாம் தரப்பு காட்டுகிறது. யாராவது ஒரு ஆண்டைச் சொல்லி முடித்துவிட்டால் தலையாட்டிவிட்டு வாருங்கள், குறித்துக்கொள்ள வேண்டாம்.

அங்கிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம் ஐந்து நிமிஷ நடை. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24-ல் கொச்சியில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார். பதினான்கு வருஷம் கழித்து உடலின் மிச்சத்தைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே கம்பிவேலிக்குள் நீங்கள் பார்ப்பது கல்லை மட்டும்தான். எனக்கு அந்தக் கல்லைவிட மேலே தொங்கும் துணி விசிறிகள் முக்கியம். அவற்றின் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போகும். உள்ளே பிரசங்கம் நடக்க, வெளியே வெயிலில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே வந்ததும் பரேடு மைதானத்தைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள். நிழலில் உட்கார்ந்து அப்பா காலை நீட்டிக்கொள்ளட்டும். சாந்தாகுரூஸ் பேராலயம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதைய கட்டடம் 1905-ஐச் சேர்ந்தது. நேரமிருந்தால் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

விடவே கூடாத இடம் ஒன்று உண்டு, பட்டியல்களில் பெரும்பாலும் கடைசியில் வரும். வேளி என்ற பகுதியில் சலவைக்கூடம், தோபி கானா. தேவாலயத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆட்டோவில் போங்கள். அங்கே துவைப்பவர்கள் தமிழர்கள். டச்சுப் படைவீரர்களின் உடுப்பு துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். அழைத்து வந்தவர் டச்சுக்காரரா, ஆங்கிலேயரா என்பதில் பேச்சு வேறுபடும், தலைமுறைகள் பல என்பதில் சந்தேகம் இல்லை. கொடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளிப் ஒன்றுகூட இருக்காது. இரண்டு புரிக் கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கடல்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழாது. கஞ்சி போட்ட வேட்டிகள் பாய்மரம் மாதிரி விறைத்து நிற்கும். ஒரு முறை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, "எந்த ஊருங்கய்யா?" என்று கேட்டார். ஈரோடு என்றேன். "வெயில் ஜாஸ்தியோ அங்க?" என்றார். அவர் ஈரோட்டைப் பார்த்ததே இல்லை. உங்கள் அப்பா அங்கே உட்கார்ந்தால் எழுப்புவது சிரமம், அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

முழங்காலைப் பற்றி: நான் வைத்தியர் இல்லை, அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் பார்த்த வரையில் கொச்சி தட்டையான ஊர், ஏற்ற இறக்கம் கிடையாது. சிக்கல் ஈரக்காற்றில்தான். நம் ஊரின் வறண்ட வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்கே சீக்கிரம் வாடிவிடும். சில வருஷம் முன் ஏப்ரலில் உச்சி வெயிலில் உறவுக்காரர் ஒருவரை நடக்க வைத்தேன், கல்வத்தியில் அவருக்கு மயக்கமே வந்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. காலை பத்து மணிக்குள், மாலை நாலு மணிக்கு மேல் மட்டும் நடங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தமம். சைவம் என்றால் மட்டாஞ்சேரியில் குஜராத்திக் குடும்பங்கள் இருக்கும் பகுதியில் நல்ல சாப்பாடு கிடைக்கும், மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி துறையில் எர்ணாகுளம் படகு ஏறுங்கள். அரசுப் படகில் இருபது நிமிஷம். வலப்பக்கம் இருக்கை பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெலிங்டன் தீவு வரும், கிரேன்களும் ஷெட்டுகளும் தெரியும். 1920-களின் பிற்பகுதி வரை பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. வாயில் மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது, கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, வள்ளங்களில்தான் சரக்கு போகும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26-ல் பத்மா என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் அந்தத் தீவின் பெரும்பகுதி. உங்கள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிய தரை, கடலடியிலிருந்து வந்த மண். அத்தனை வருஷம் அவர் கேட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்த இடத்தை அன்றைக்குத்தான் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பார். அந்த இருபது நிமிஷம் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். எந்த ஷெட்டில் லோடு இறக்கினார், எங்கே டீ குடித்தார் என்று அவர் கை நீட்டிச் சொல்லட்டும்.